பழைய பாணி க்ரோனோகிராஃப் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

க்ரோனோகிராஃப் வாட்ச் என்றால் ஒரே கூட்டுக்குள் இரண்டு இயந்திரம். ஒன்று எந்நேரமும் ஓடி மணி காட்டுகிறது. மற்றது, பக்கத்துப் பொத்தானை அமுக்கும்போது மட்டும் முதலாவதிடமிருந்து சக்தியைக் கடன் வாங்கி ஓடுகிற ஸ்டாப்வாட்ச். கோளாறு எதில் என்று தெரியாமல் "வாட்ச் சரியில்ல" என்று மட்டும் சொல்லிக் கடையில் கொடுத்தால், தேவையில்லாத வேலைக்கும் சேர்த்துக் காசு போகும். ஆகவே, கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: க்ரோனோவை நிறுத்தி வைத்திருக்கும்போதும் இது நடக்கிறதா?

முதலில், உள்ளே இருப்பது எது?

1960-களின் தோற்றத்தில் இன்று கிடைக்கும் க்ரோனோகிராஃப்களில் பெரும்பாலானவை நாலைந்து மூவ்மென்ட்களுக்குள், அதாவது உள் இயந்திர வகைகளுக்குள், அடங்கிவிடும்.

ஸீகல் எஸ்டி 1901: ஸ்விஸ் வீனஸ் 175-இன் வழிவந்தது. கையால் சாவி கொடுக்க வேண்டும். மணிக்கு 21,600 துடிப்பு, காலம் வீல் (column wheel: ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட்டை நடத்தும் தூண் வைத்த சக்கரம்), கிடைமட்ட கிளட்ச் (க்ரோனோவை ஓட்டத்தோடு இணைக்கும் அமைப்பு). 3 மணிப் பக்கம் 30 நிமிடக் கணக்கி, 9 மணிப் பக்கம் ஓடும் விநாடி.

வால்ஷு 7750: 1970-களில் வந்த ஆட்டோமேட்டிக். மணிக்கு 28,800 துடிப்பு, காலம் வீலுக்குப் பதில் கேம் (அதே வேலையைச் செய்யும் மேடுபள்ளமான தகடு). சின்ன டயல்கள் 12, 6, 9 மணிகளில் இருக்கும். அதையே 3, 6, 9 என்று மாற்றி அமைத்தது 7753. பழைய பாணி டயலுக்கு இதுதான் பொருந்தும். ஸெலிட்டாவின் எஸ்டபிள்யூ 500, 510 இரண்டும் இதே குடும்பம்.

சீக்கோ விகே 63, விகே 64: மணி காட்டுவது பேட்டரி. க்ரோனோ முள்ளைத் திருப்புவது மட்டும் மெக்கானிக்கல் சுத்தியல். 'மெக்கா குவார்ட்ஸ்' என்று விற்பார்கள்.

இவை போக, ஒவ்வொரு முள்ளுக்கும் தனி மோட்டார் வைத்த சாதாரண குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப் உண்டு. ஐம்பது அறுபது வருடப் பழைய அசல் வாட்சுகளும் உண்டு.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், ரீசெட் பொத்தானை நம்புங்கள். க்ரோனோவை ஓடவிட்டு, நிறுத்தி, ரீசெட் அமுக்குங்கள். முள் மோட்டாரில் ஊர்ந்து சுற்றி 12-க்கு வந்தால் சாதாரண குவார்ட்ஸ். கண் இமைப்பதற்குள் சட்டென்று திரும்பினால் மெக்கானிக்கல், அல்லது விகே. சாவி கொடுக்கும்போது க்ரவுனில், அதாவது பக்கத்தில் உள்ள திருகு குமிழில், எதிர்ப்பே தெரியாவிட்டால் அது விகே.

அடிப்படைச் சோதனை

வாட்ச் கைக்கு வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

1. முழுதாகச் சாவி கொடுங்கள். கையால் சாவி கொடுக்கும் வகையில் பெரும்பாலும் 25 முதல் 40 சுற்றுக்குள் க்ரவுன் தானாக நின்றுவிடும். அங்கேயே நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தடை வராது. 30, 40 சுற்றுக் கொடுத்தால் போதும்.

2. போன் நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டி 1901-இல் க்ரவுனை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது, அது அதன் சுபாவம். ஓடும் விநாடி 60-ஐத் தொடும் கணத்தில் போன் என்ன காட்டுகிறது என்று எழுதினால் சரி.

3. க்ரோனோவைத் தொடாமல் 24 மணி நேரம் மேசையில், டயல் மேலே பார்க்க, வையுங்கள். வித்தியாசத்தை எழுதுங்கள்.

4. மறுபடி முழுச் சாவி கொடுத்து, க்ரோனோவை ஓடவிட்டு 12 மணி நேரம் வையுங்கள். இடையில் நிற்கிறதா, நேரம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

5. ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் வரிசையைப் பத்து தடவை செய்து, ஒவ்வொரு முறையும் நடு முள் எங்கே வந்து நிற்கிறது என்று கவனியுங்கள்.

3-இல் சரி, 4-இல் கோளாறு என்றால் க்ரோனோ பக்கம், அல்லது அதற்குக் கொடுக்கச் சக்தி இல்லாத நிலை. 3-லேயே கோளாறு என்றால் அடிப்படை ஓட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சரியாகாமல் க்ரோனோவைத் தொடுவதில் பயனில்லை.

நடு முள் அசையவே இல்லை

கோளாறு அல்ல. புதிதாக வாங்குகிறவர்களில் பலர் பதறும் இடம் இதுதான். நடுவில் இருக்கும் நீள முள் க்ரோனோவுக்கு உரியது. மேல் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். வாட்ச் ஓடுகிறதா என்று பார்க்க, சின்ன டயலில் உள்ள விநாடி முள்ளைப் பாருங்கள். விகே 64-இல் அதுவும் கிடையாது: 9-இல் 60 நிமிடக் கணக்கி, 3-இல் 24 மணி முள், அவ்வளவுதான். அது ஓடுகிறதா என்று அறிய ஒரு நிமிடம் காத்திருந்து நிமிட முள்ளைப் பார்க்க வேண்டும், அல்லது காதில் வைத்துக் கேட்க வேண்டும்.

"எப்போதும் ஓடட்டும், அழகாக இருக்கிறது" என்று நடு முள்ளை ஓடவிடுவது கிடைமட்ட கிளட்ச் உள்ள வாட்சுக்கு நல்லதல்ல. பல்லோடு பல் தேய்கிறது, பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம்) ஆடும் வீச்சும் குறைகிறது. செங்குத்து கிளட்ச் உள்ளவற்றில், உதாரணமாகச் சீக்கோ என்இ 88-இல், இந்தக் கவலை பெரிதாக இல்லை.

ஸ்டார்ட் அமுக்கியதும் முள் துள்ளுகிறது

ஒரே ஒரு சின்ன துள்ளல், பிறகு சீரான ஓட்டம் என்றால் விட்டுவிடுங்கள். கிடைமட்ட கிளட்சில் ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, நின்றிருக்கும் சக்கரத்தின் பல்லில் மாட்டுகிறது. பல்லின் நுனியும் நுனியும் சந்தித்தால் முள் கொஞ்சம் முன்னால் குதிக்கும், இல்லை பின்னால் போகும். ஐந்தில் ஒரு பங்கு விநாடி அளவு துள்ளல் இந்த அமைப்போடு பிறந்தது. எந்த மெக்கானிக்காலும் அதை முழுதாக நீக்க முடியாது.

ஓடும்போதும் முள் தொடர்ந்து நடுங்கினால் கதை வேறு. நடு க்ரோனோ சக்கரத்தின் அடியில் மெல்லிய உராய்வு ஸ்பிரிங் ஒன்று இருக்கும். பற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியால் முள் தள்ளாடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது வளைந்துவிட்டால், அல்லது சர்வீஸில் மாட்ட மறந்துவிட்டால், முள் நடுங்கும். அழுத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ நடுக்கம் போய் வீச்சு குறையும். எனவே இந்த வேலை முடிந்து வரும் வாட்சில் அடிப்படைச் சோதனையின் 4-ஆம் படியை மறுபடி செய்யுங்கள்.

முள் சீராக ஓடாமல் சின்னச் சின்னத் தாவலாக ஓடுவதும் இயல்பே. 21,600 துடிப்பில் விநாடிக்கு 6 தாவல், 28,800-இல் 8, பழைய 18,000-இல் 5. விகே-யிலும் 5.

ரீசெட் செய்தால் முள் 12-இல் நிற்பதில்லை

இங்கே அவசரப்படாமல் பத்து தடவைச் சோதனையின் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எல்லாமே அதில் இருக்கிறது.

*ஒவ்வொரு தடவையும் ஒரே இடம், ஆனால் 12 அல்ல.* உதாரணமாக எப்போதும் ஒரு விநாடி தள்ளி நிற்கிறது. அப்படியென்றால் உள்ளே சுத்தியலும், அது மோதும் இதய வடிவக் கேமும் ஒழுங்காக வேலை செய்கின்றன. முள்ளைத்தான் தப்பான இடத்தில் குத்தியிருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு அதிர்ச்சியில் ஒருமுறை நகர்ந்திருக்கிறது. முள்ளை எடுத்துச் சரியான இடத்தில் குத்தினால் தீர்ந்தது.

*தடவைக்குத் தடவை கூடிக்கொண்டே போகிறது.* முதலில் ஒரு விநாடி, பிறகு இரண்டு, பிறகு நாலு. முள் தன் அச்சில் தளர்ந்திருக்கிறது. ரீசெட் என்பது மென்மையான செயல் அல்ல. சுத்தியல் விழுந்து கேமைத் திருப்பும் வேகத்தில் முள்ளின் நுனி பெரிய விசையைச் சந்திக்கிறது. முள்ளின் அடிக்குழாய் கொஞ்சம் அகன்றிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வழுக்கும். குழாயை உரிய கருவியில் இறுக்க வேண்டும், அல்லது முள்ளை மாற்ற வேண்டும். பசை வைத்து ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த சர்வீஸில் அந்த முள் வராது, வந்தால் அச்சோடு வரும்.

*ஒவ்வொரு தடவை ஒவ்வோர் இடம்.* சுத்தியல் முழுதாக விழவில்லை, அல்லது கேம் தளர்ந்திருக்கிறது. காய்ந்த எண்ணெய், சோர்ந்த ஸ்பிரிங், பொத்தான் முழுத் தூரம் போகாமல் இருப்பது என்று காரணம் பலவாகலாம். ரீசெட்டைத் தயங்கித் தயங்கி அமுக்குவதும் ஒரு காரணம்; ஒரே மூச்சில், கடைசிவரை அமுக்கிப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால் சர்வீஸ்.

*நடு முள் சரியாக வருகிறது, நிமிடக் கணக்கி வரவில்லை.* இரண்டு கேம்களையும் ஒரே நேரத்தில் தொட வேண்டிய சுத்தியல் ஒன்றைத்தான் தொடுகிறது. சரிசெய்யும் வேலை நுணுக்கமானது. க்ரோனோகிராஃப் பழக்கம் உள்ள மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

சாதாரண குவார்ட்ஸில் இந்தக் கோளாறுக்கு மெக்கானிக்கே வேண்டாம். க்ரவுனைக் கடைசி நிலைக்கு இழுத்து, மேல் பொத்தானையோ கீழ்ப் பொத்தானையோ விட்டுவிட்டு அமுக்கினால் முள் ஒவ்வொரு படியாக நகரும். எந்தப் பொத்தான் எந்த முள்ளுக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். 12-க்குக் கொண்டுவந்து க்ரவுனை உள்ளே தள்ளுங்கள். பேட்டரி மாற்றிய பிறகு இது அடிக்கடி தேவைப்படும். விகே-யில் இந்த வித்தை பலிக்காது. அதன் முள்ளைத் திருப்புவது சுத்தியல் என்பதால், முள்ளை எடுத்துக் குத்துவது தவிர வழியில்லை.

க்ரோனோவை ஓடவிட்டால் வாட்ச் நின்றுவிடுகிறது

எங்கே நிற்கிறது என்பதே துப்பு.

ஸ்டார்ட் அமுக்கிய சில விநாடிகளில், நடு முள் எந்த இடத்தில் இருந்தாலும் நின்றால்: முதலில் முழுச் சாவி கொடுத்துப் பாருங்கள். சாவி இறங்கிய நிலையில் மட்டும் நிற்கிற வாட்ச், சக்திப் பஞ்சத்தில் இருக்கிறது. வாட்சின் டிக் சத்தத்தைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் பேலன்ஸ் வீலின் வீச்சைப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள வாட்ச் முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, 270 முதல் 310 டிகிரி வரை காட்டும். கிடைமட்ட கிளட்ச் க்ரோனோவை ஓடவிட்டால் அதில் 20 முதல் 40 டிகிரி குறைவது சாதாரணம். ஆரம்பமே 220 என்றால், க்ரோனோ ஏறியதும் மூச்சு வாங்கும். அங்கே தேவை சுத்தம் செய்து எண்ணெய் போடுவது, க்ரோனோவை நோண்டுவது அல்ல. ஆரம்பம் 290, க்ரோனோவோடு 200 என்றால் கிளட்ச் பற்கள் அளவுக்கு மீறி ஆழமாக மாட்டுகின்றன, அல்லது மேலே சொன்ன உராய்வு ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கிறது.

கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற, மூவ்மென்ட்டுக்கு மூவ்மென்ட் மாறும் எண்ணைச் சரியாக உள்ளிட மறக்காதீர்கள். கருவிகள் பெரும்பாலும் 52 டிகிரியில் வரும், 7750-க்கு 49. தப்பான எண் வைத்தால் ஓட்ட வேகம் சரியாகத்தான் தெரியும், வீச்சு மட்டும் பொய் சொல்லும்.

நடு முள் 58-க்கும் 60-க்கும் இடையில் வந்து நின்றால்: நிமிடக் கணக்கி தாவும் இடம் அது. நடுச் சக்கரத்தில் உள்ள விரல், இடைச் சக்கரத்தைத் தள்ளி, கணக்கியை ஸ்பிரிங்கின் பிடியிலிருந்து ஒரு பல் நகர்த்த வேண்டும். நிமிடத்தில் மிக அதிகச் சக்தி செலவாகும் கணம் இதுதான். ஸ்பிரிங் மிகவும் இறுகியிருந்தால், அல்லது விரல் மிக ஆழமாக நுழைந்தால், வாட்ச் அங்கே தோற்றுவிடும். அச்சு தள்ளிய சில திருகுகளைத் திருப்பி இந்த ஆழத்தை மாற்றலாம். மூவ்மென்ட்டில் தெரியும், தலை மட்டும் பெரிய, எதையும் பிடித்திருக்காத திருகுகள் அவைதான். கண்ணாடி முதுகு வழியாகப் பார்த்துவிட்டு "இது தளர்ந்திருக்கிறதே" என்று அவற்றை இறுக்க முனைகிறவர்களால் மெக்கானிக்குகளுக்கு நல்ல வருமானம்.

நிமிடக் கணக்கி தாவவில்லை, அல்லது இரண்டு தாவுகிறது

மேலே சொன்ன அதே இடம், அதே திருகுகள். விரல் எட்டாவிட்டால் தாவாது; ஆழமாகப் போனால் இரண்டு தாவும். இரண்டு தாவுவதற்குக் கணக்கியைப் பிடிக்கும் ஸ்பிரிங் சோர்ந்திருப்பதும் காரணமாகலாம். எஸ்டி 1901, 7750 இரண்டிலும் நடு முள் 60-ஐ நெருங்கும்போது கணக்கி மெல்ல அசைந்து பிறகு தாவும். சரியாக 60-இல்தான் தாவ வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓரிரு விநாடி முன்பின் இருக்கலாம். 30 நிமிடமும் ஓடவிட்டு ஒரு தாவலும் தப்பவில்லை என்று உறுதிசெய்வதே முழுச் சோதனை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனால், 22-ஆவது பல்லில் இருக்கும் கோளாறு தெரியாது.

நிறுத்திய பிறகு முள் நகர்கிறது

ஸ்டாப் அமுக்கி, வாட்சை லேசாகத் தட்டுங்கள். முள் நகர்ந்தால் பிரேக் நெம்புகோல் நடுச் சக்கரத்தைத் தொடவில்லை. பெரிய வேலை இல்லை. ஆனால் அதை விட்டுவைத்தால் நீங்கள் அளக்கும் நேரம் எதற்கும் உதவாது.

பொத்தான் கடினமாக இருக்கிறது, அல்லது அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை

7750 குடும்பத்தில் ஸ்டார்ட் பொத்தானுக்கு நல்ல அழுத்தம் வேண்டும். கேம் அமைப்பு அப்படி. காலம் வீல் உள்ள வாட்சில் பழகிய விரலுக்கு இது கோளாறாகத் தெரியும்.

ஓடும்போது ரீசெட் அமுங்கவில்லையா? அமுங்கக் கூடாது. ஃப்ளைபேக் (ஓடும்போதே ரீசெட் செய்வது) என்ற தனி வசதி இல்லாத வாட்சில் முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் ரீசெட். கட்டை விரலை ஊன்றி அழுத்தினால் உள்ளே ஏதாவது வளையும்.

அமுக்கிய பொத்தான் வெளியே திரும்பாவிட்டால் வியர்வை உப்பும் அழுக்கும் சேர்ந்து இறுகியிருக்கலாம். மென்மையான பல்துலக்கியை லேசாக ஈரமாக்கி, பொத்தானின் கழுத்தைச் சுற்றித் தேய்த்து, உடனே துணியால் துடையுங்கள். தண்ணீர்க் குழாயின் கீழே பிடிக்க வேண்டாம். துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அது ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய், எண்ணெய் இருக்கக் கூடாத இடமெல்லாம் பரவி, பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்களை ஒட்ட வைக்கும்.

பொத்தான் எளிதாக உள்ளே போகிறது, ஆனால் க்ரோனோ கிளம்பவில்லை என்றால் மூவ்மென்ட்டே கூட்டுக்குள் கொஞ்சம் திரும்பியிருக்கும். பிடிக்கும் கிளாம்ப் திருகு தளர்ந்தால் பொத்தானின் முனை நெம்புகோலைத் தொடாமல் பக்கத்தில் குத்தும். பின்மூடியைத் திறந்தாலே தெரியும். பத்து நிமிட வேலை.

திடீரென்று ஒரு நாளைக்குச் சில நிமிடம் வேகமாக ஓடுகிறது

நேற்றுவரை சரியாக ஓடி, இன்று நிமிடக் கணக்கில் முந்தினால் முதல் சந்தேகம் காந்தம். ஸ்பீக்கர், டேப்லெட் உறையின் மூடி, கைப்பைக் கொக்கி, இவற்றில் எல்லாம் காந்தம் இருக்கிறது. ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் அதன் நீளம் குறைந்ததுபோல் ஆகி, பேலன்ஸ் வேகமாகத் துடிக்கும்.

ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்சின் மேல் மெல்ல நகர்த்துங்கள். முள் இழுபட்டால், அல்லது துடித்தால், காந்தம் ஏறியிருக்கிறது. போனில் உள்ள திசைகாட்டி இதற்கு நம்பகமானதல்ல. காந்தம் நீக்கும் கருவியின் மேல் வாட்சை வைத்து, பொத்தானை அமுக்கியபடியே, கை நீளத்துக்கு மெதுவாக விலக்கி, அதன் பிறகு பொத்தானை விடுங்கள். வாட்ச் அருகில் இருக்கும்போதே பொத்தானை விட்டால் காந்தம் கூடவும் செய்யலாம். விகே, குவார்ட்ஸ் வகைகளை இந்தக் கருவியில் வைக்க வேண்டாம்.

காந்தம் இல்லை, ஆனால் சமீபத்தில் வாட்ச் விழுந்தது என்றால் ஹேர்ஸ்பிரிங்கின் ஒரு சுருள் ரெகுலேட்டர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) ஊசியில் சிக்கியிருக்கலாம். அதை வீட்டில் தொடாதீர்கள்.

நாளுக்கு 10, 15 விநாடி முந்துவதும் பிந்துவதும் கோளாறு அல்ல, ரெகுலேட்டர் வேலை. அதற்கு முன் இரவில் எந்தப் பக்கமாக வைக்கிறீர்கள் என்று மாற்றிப் பாருங்கள்: டயல் மேலே, க்ரவுன் மேலே, க்ரவுன் கீழே. முந்துகிற வாட்ச் ஏதோ ஒரு நிலையில் பிந்தலாம். அந்த நிலையில் தூங்க வைத்தால் பகலில் கூடியது இரவில் குறையும்.

தினமும் ஒரே மணியில் நிற்கிறது

மூன்றேகால், ஒன்பதே முக்கால் என்று சொல்லிவைத்தாற்போல் நின்றால் முள்ளோடு முள் உரசுகிறது. சின்ன டயலின் முள் உயரமாகக் குத்தப்பட்டிருந்தால், மணி முள் அதைக் கடக்கும்போது இடிக்கும். டயலைப் பக்கவாட்டில், கண் மட்டத்தில், வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால், புதுக் கண்ணாடியின் குவிவு போதவில்லை. நடு முள்ளின் மையக் குழாய் கண்ணாடியில் உரசும். பழைய வாட்சுக்குத் தட்டையான சஃபையர் போடச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

சாவி, ரோட்டர், தேதி

கையால் சாவி கொடுக்கும் வாட்ச் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் சக்தியைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது அதன் கொக்கி விட்டிருக்கிறது. "அதிகமாகச் சாவி கொடுத்துக் கெட்டுப்போச்சு" என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. முழுச் சாவி கொடுத்தும் ஓடாத வாட்ச் அழுக்கில் நிற்கிறது.

7750-இன் ரோட்டர் (கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடைத் தகடு) ஒரு திசையில்தான் சாவி ஏற்றும், மறு திசையில் தடையின்றிச் சுழலும். அப்போது கையில் ஒரு தள்ளாட்டம் தெரியும். அது இயல்பு. கூட்டின் சுவரில் உலோகம் உரசும் சத்தம் கேட்டால்தான் கவலை.

தேதியை இரவு 8-லிருந்து அதிகாலை 3 வரை விரைவு முறையில் மாற்றாதீர்கள். அப்போது தேதிச் சக்கரத்தின் பல் ஏற்கனவே மாட்டியிருக்கும். நீங்களும் தள்ளினால் அது உடையும். முட்களை 6 மணிக்குக் கொண்டுபோய்விட்டு மாற்றுவது பாதுகாப்பு. 7753-இல் தேதி மாற்ற 10 மணிப் பக்கம் குழியான பொத்தான் ஒன்று இருக்கும். கூர்மையான உலோகத்தால் குத்தாமல் மரக்குச்சியால் அமுக்குங்கள்.

விகே-யின் 24 மணி முள் நண்பகலில் நள்ளிரவு காட்டினால், மணி முள்ளை முன்னோக்கி 12 மணி நேரம் திருப்புங்கள். அந்த முள்ளைத் தனியாகத் திருப்ப வழி கிடையாது. டயலில் இடத்தை நிரப்ப வைத்த முள் அது என்பதுதான் உண்மை.

பேட்டரி மாற்றியும் சரியாக ஓடவில்லை

விகே 63, 64-க்கு எஸ்ஆர் 936 எஸ்டபிள்யூ, அதாவது 394 என்ற சில்வர் ஆக்ஸைடு பேட்டரி: 9.5 மி.மீ. விட்டம், 3.6 மி.மீ. தடிமன், 1.55 வோல்ட். அதே அளவில் எல்ஆர் என்று தொடங்கும் ஆல்கலைன் பேட்டரியை மலிவுக்குப் போட்டால், மின்னழுத்தம் படிப்படியாக இறங்கி, க்ரோனோ தடுமாறும், கசியவும் செய்யும். ஓடாத வாட்சில் பழைய பேட்டரியை விட்டு வைக்காதீர்கள்.

கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

இதில் மட்டும் காத்திருக்க வேண்டாம். இரும்புப் பாகங்கள் சில நாளிலேயே துருப்பிடிக்கும். க்ரோனோவில் நெம்புகோல், ஸ்பிரிங், திருகு என்று இரும்பு நிறைய.

க்ரவுனை வெளியே இழுத்து விடுங்கள். பொத்தான்களை அமுக்காதீர்கள். கேசத்துக்கு ஊதும் சூடான காற்று, அடுப்பு, வெயில் எதுவும் வேண்டாம். சூடு ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும், டயல் வண்ணத்தையும் கெடுக்கும். சிலிகா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைத்து, அன்றோ மறுநாளோ பின்மூடியைத் திறக்கக் கொடுங்கள். கடல் நீர் போயிருந்தால் மணிக்கணக்குதான்.

காரணம் பெரும்பாலும் பொத்தான்தான். பழைய பாணி வாட்சில் இருப்பது பம்ப் வகை, திருகி மூட முடியாதது. பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் மழைத் தூறலும் கை கழுவுவதும் வரைதான். தண்ணீருக்குள் பொத்தானை அமுக்கினால் பம்ப் பம்பாகவே வேலை செய்து தண்ணீரை உறிஞ்சும். ரப்பர் வளையங்களை ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றச் சொல்லுங்கள்.

கண்ணாடியில் கீறல்

அக்ரிலிக் என்றால் மகிழ்ச்சி. கூட்டைச் சுற்றி டேப் ஒட்டி, பாலிவாட்ச் பேஸ்ட் பயறளவு வைத்து, பருத்தித் துணியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய கீறல் மறையும். நகத்தில் தட்டுப்படும் கீறலுக்கு முதலில் 2000 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பிறகு பேஸ்ட். அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் தொடக் கூடாது; நுண்ணிய வெடிப்பு விழும். விளிம்பில் விரிசல் தெரிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், ஈரம் அங்கேதான் நுழையும். கனிமக் கண்ணாடியிலும் சஃபையரிலும் இந்தப் பேஸ்ட் பயன்படாது.

பழைய அசல் வாட்ச் வாங்கும்போது படத்திலேயே தெரியும் அறிகுறிகள்

நடு முள் எல்லாப் படத்திலும் 12-ஐ விட்டுத் தள்ளி நிற்கிறதா? ரீசெட் வேலை செய்யவில்லை. விவரத்தில் "நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் இருந்து க்ரோனோ பற்றி ஒரு வார்த்தையும் இல்லையா? கேட்டு வாங்குங்கள்: ஸ்டார்ட், ஒரு நிமிடத் தாவல், ஸ்டாப், ரீசெட், இந்த நான்கும் ஒரே வெட்டில்லாத வீடியோவில்.

சின்ன டயலின் விளிம்பில் எழுத்து தாறுமாறாக வெட்டுப்பட்டிருந்தால், நிமிடக் கோடுகள் ஒரே தடிமனில் இல்லாவிட்டால், டயல் மறுபடி வண்ணம் பூசியது. டயலின் கீழ் விளிம்பில் 'டி' (T) என்ற எழுத்து ஸ்விஸ் என்ற சொல்லின் இரு பக்கமும் இருந்தால் ஒளிப்பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1960-களின் டிரிட்டியம் இன்று இருட்டில் ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். 1960-களின் தொடக்கம் வரையிலான டயல்களில் ரேடியம் இருக்கலாம். அவற்றை வீட்டில் திறக்காதீர்கள், உதிரும் தூள் மூச்சில் போவது ஆபத்து.

மூவ்மென்ட் படம் இல்லாமல் பழைய க்ரோனோகிராஃப் வாங்க வேண்டாம். திருகுத் தலைகளின் பிளவு சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே போயிருக்கிறது. பொத்தான்களுக்கு அருகே செந்துரு இருந்தால் ஈரம் போயிருக்கிறது. வாங்கியே தீர வேண்டும் என்றால், முழு சர்வீஸுக்கு ஆகும் தொகையையும் விலையோடு கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த மூவ்மென்ட்டுக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்பதைப் பணம் அனுப்புவதற்கு முன் செய்யுங்கள்.